பதினான்கு காரணங்களும் ஒரு முடிவும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் எழுதிய மனுவில் பதினான்கு காரணங்கள் இருந்தன. ஒரு கொப்பித்தாளின் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி, அதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். முதல் காரணம், என் அக்கா இருபத்திரண்டு வருடமாக எந்தக் குறையும் இல்லாமல் கொழுந்து பறிக்கிறாள் என்பது. நான்காவது, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவின் கூரை ஒழுகுகிறது. பதினோராவது, கண்டாக்கையாவின் நாய் கோயிலுக்குப் போகிறவர்களைத் துரத்துகிறது. பதினான்காவது காரணமே இல்லை. "எனவே இவரை மீண்டும் வேலைக்கு எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்ற வேண்டுகோளுக்கும் தலைவர் ஓர் இலக்கம் போட்டிருந்தார்.

சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி அன்றைக்கு நான்கு நாள். அடுத்த செவ்வாய்க்கிழமை தோட்டத்து ஆபீசில் விசாரணை. அதில் அவள் பக்கம் நியாயம் இல்லை என்று ஆகிவிட்டால் தோட்டத்துப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால், லயம் என்கிற வரிசை வீடுகளில் அவள் இருக்கும் வீடும் இன்றைக்கோ நாளைக்கோ கையை விட்டுப் போகும். அத்தான் கொழும்பில் பெயின்ட் அடிக்கிறார். தோட்டத்தில் பெயர் உள்ளவள் அக்கா மட்டும்தான். இவ்வளவு பெரிய விஷயத்தில் நாயைக் கொண்டுவந்து நுழைத்திருக்கிறாரே இந்த மனுஷன் என்று ஆசிரியர் அறையில் இருந்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். அக்கரப்பத்தனைப் பக்கம் இருக்கிறது எங்கள் தோட்டம். அங்கே ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களைக் குளவி கொட்டிவிட்டது. ஒருத்தி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்த வாரம் அதே மலைக்கு அக்காவையும் அவளோடு வேலை செய்கிறவர்களையும் அனுப்பினார்கள். அக்கா கூடையோடு ரோட்டில் நின்றுவிட்டாள், மலைக்குள் இறங்கவில்லை. அவள்தான் முன்னால் போகிறவள் என்பதால் பின்னால் வந்த பன்னிரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். மலை வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர்தான் கண்டாக்கையா. அவர் சொல்லிப் பார்த்தார், சத்தம் போட்டுப் பார்த்தார், ஒருத்தியும் அசையவில்லை. அன்றைக்கு மத்தியானமே, வேலை செய்ய மறுத்தாள், மற்றவர்களையும் மறுக்க வைத்தாள் என்று எழுதி ஆபீசில் கொடுத்துவிட்டார்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு அளவையியல் கற்பிக்கிறேன். ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், அதற்குக் காரணம் சொல்கிறார். அந்தக் காரணம் அந்த முடிவைத் தாங்குகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. பாடப்புத்தகத்தில் உள்ளபடி வாக்கியங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள் என்பதால், பல வருடமாக நான் அதைப் படமாகத்தான் வரைகிறேன். முடிவை மேலே ஒரு பெட்டிக்குள் எழுதுவேன். அதற்கான எடுகூற்றுகளை, அதாவது காரணங்களை, கீழே தனித்தனிப் பெட்டிகளில் எழுதி அம்புக்குறி போடுவேன். ஒன்று தனியாக நின்று தாங்குமானால் அதற்கென்று ஓர் அம்பு. இரண்டு சேர்ந்தால்தான் தாங்கும் என்றால் அவற்றைக் கோடு போட்டு இணைத்து ஒரே அம்பு. மறுப்பு இருந்தால் சிவப்புச் சோக்கால் பக்கத்தில். பெட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "டீச்சர் லயம் கட்ட ஆரம்பிச்சிட்டாங்க" என்று பின்வரிசை வாங்கில் யாராவது முணுமுணுப்பார்கள். நானும் கேட்காதது மாதிரி இருந்துவிடுவேன்.

இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவை ஒரு மாணவி, தனக்கு ஏன் வீட்டில் போன் வாங்கித் தரமாட்டேன் என்கிறார்கள் என்று அம்மா சொன்ன காரணங்களையெல்லாம் பலகையில் எழுதினாள். கெட்டுப்போவாய், கண் போகும், பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போனாள், அப்பாவுக்குப் பிடிக்காது. பெட்டி போட்டுப் பார்த்தால் எல்லா அம்பும் ஒரே எடுகூற்றில் போய் நின்றது, அதை அம்மா வாயால் சொல்லவே இல்லை: பெண்பிள்ளை கையில் போன் இருந்தால் ஆபத்து. சொல்லாத அந்த ஒன்றை எடுத்துக் கேட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விழும் என்று காட்டினேன். வகுப்பே கை தட்டியது. அந்தக் கைதட்டலை நினைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினேன் என்று நினைக்கிறேன்.

வீட்டில் தலைவரும் இருந்தார். அவர் எங்களுக்குத் தூரத்து மாமன் முறை. பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை காலியாக இருந்தும் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் வேலைக்குப் போகாததில் அவள் கைகள் வேறு யாருடைய கைகளோ மாதிரி சுத்தமாக இருந்தன. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, பதினாலு காரணம் எதுக்கு?" என்று நான் நேராகவே கேட்டேன்.

"ஒன்னு சொன்னா ஒன்னுக்குப் பதில் சொல்லிட்டுப் போயிருவாங்க. பதினாலு சொன்னா எங்க போவாங்க?"

"பதினாலுல எது நோஞ்சானோ அதத்தான் புடிப்பாங்க. நாயப் பத்தி அரை மணி நேரம் பேசிட்டு விசாரணைய முடிச்சிருவாங்க."

தலைவர் யோசித்தார். நாற்பது வருடமாக இப்படித்தான் மனு எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் மட்டுமில்லை, எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். தோட்டத்து மேனேஜரான துரையைப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் கிடைப்பதே அபூர்வம் என்பதால், கிடைக்கிற நேரத்தில் மனதில் உள்ள எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட வேண்டும் என்ற அவசரம். அது இன்றைக்கு எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு, படிப்பில்லாதவர்கள் செய்கிற வேலை என்றுதான் நினைத்தேன். அந்த வார்த்தையை மனதுக்குள் அப்படியே நினைத்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

சுவரில் இருந்த கடைக் காலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தேன். உச்சியில் 'அக்கா இறங்காதது சரி' என்று எழுதினேன். அதன் கீழே, அதைத் தாங்கும் ஒரே தூணாக, 'ஏழாம் நம்பர் மலையில் அன்று குளவிக் கூடு இருந்தது' என்று எழுதினேன். குளவி இருக்கும் இடத்தில் இறங்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, அதை எந்தத் துரையும் மறுக்க முடியாது. கூடு இருந்தது என்பதற்கு ஆதாரமும் இருந்தது: முந்தின வாரம் அங்கேதான் இரண்டு பேருக்குக் கொட்டியது, அதற்குப் பிறகு யாரும் கூட்டை அகற்றவில்லை. இரண்டையும் கோடு போட்டு இணைத்தேன். பார்க்கவே அழகாக இருந்தது.

பிறகு தலைவரின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். இது என் பெட்டியைத் தாங்குகிறதா? கூரை ஒழுகுவது தாங்காது. வெட்டினேன். இருபத்திரண்டு வருடச் சேவையும் கூடு இருந்ததற்கு ஆதாரமாகாது. வெட்டினேன். நாயை இரண்டு கோடு போட்டு வெட்டினேன். ஒன்பதாவது காரணம், 'அன்று வாச்சர் மலையைப் பார்த்துக் குரல் கொடுக்கவில்லை' என்பது.

இதை வாசித்தபோது மட்டும் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். குளவி கொட்டிய மலையென்றால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் தோட்டத்துக் காவலுக்கு இருக்கும் வாச்சர் தனியாக இறங்கி, நிரை நிரையாக நடந்து, மரங்களையும் வாதுகளையும் பார்த்துக்கொண்டு கீழே ஆற்றோரம் வரை போவார். அங்கேயிருந்து ஒரு கூவு கூவுவார். அது கேட்கும்வரை பெண்கள் ரோட்டில்தான் நிற்பார்கள்.

"அன்னைக்கு வாச்சர் வரவே இல்ல பாப்பா. அவரு வேற மலைக்குப் போயிட்டாரு," என்றாள் அக்கா.

"அது வேற விஷயம்க்கா. வாச்சர் பாக்கலங்கிறதுனால கூடு இருந்துச்சின்னு ஆயிருமா?"

அக்கா கொஞ்ச நேரம் என் தாளைப் பார்த்தாள். "ஆகாது," என்றாள்.

"அப்ப எடுத்துரலாம்."

ஒன்பதை வெட்டினேன். அக்கா போய் ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். அது ஒரு பக்கம் கருகியிருந்தது.

அன்று மாலைக்குள் புதிய மனு தயாராகிவிட்டது. ஒரே பக்கம், நான்கு வாக்கியம். தலைவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "வீடு காலி பண்ணின மாதிரி இருக்கு," என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். பழைய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். காலையிலிருந்தே தூறல். ஆபீஸ் அறையில் பெரிய துரை, கண்டாக்கையா, ஒரு கிளாக்கர். அக்கா மேசைக்கு முன்னால் நின்றாள், தலைவர் அவள் பக்கத்தில். நான் எழுத்து வேலைக்கு உதவியாள் என்று தலைவர் சொல்லி, கதவோரம் ஒரு வாங்கில் எனக்கு இடம் வாங்கித் தந்தார். பெரிய துரை சிங்களவர். பல தோட்டங்களில் இருந்து பழகியதில் எங்கள் தமிழையே பேசுவார். மனுவை எடுத்து வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கு," என்று என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்து அக்காவிடம் கேட்டார். "கூடு இருந்ததுன்னு எழுதியிருக்கு. நீங்க கண்டீங்களா?"

"நான் பாக்கலைங்க."

"வேற யாராவது?"

"யாரும் பாக்கலைங்க."

துரை மனுவை மேசையில் வைத்தார். அதற்கு மேல் அதில் வாசிக்க ஒன்றும் இல்லை. என் தூண் ஒன்றே ஒன்று, அதுவும் சாய்ந்துவிட்டது. தாங்கிப்பிடிக்க வேறு ஒன்றும் இல்லாமல் பதின்மூன்றையும் வெட்டி எறிந்தவள் நான். கண்டாக்கையா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தலைவரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நாய், கூரை, வாச்சர் எல்லாம் அங்கேதான் இருந்தன. பார்த்தேன் என்று ஒரு வார்த்தை பொய் சொன்னால்தான் என்ன அக்கா என்று ஒரு நொடி நினைத்தேன். அளவையியல் டீச்சரின் லட்சணம் அவ்வளவுதான்.

"காணாத கூட்டுக்குப் பயந்து பதிமூணு பேர் வேலை செய்யலயா?" என்றார் துரை.

"தொர, குளவி இருக்குன்னு நான் சொல்லவே இல்லைங்க," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "வாச்சர் பாக்கலன்னுதான் சொன்னேன். அன்னைக்கு ரோட்டுலயும் அதேதான் சொன்னேன். இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. தெரியாத எடத்துல எங்கள எறங்கச் சொல்லக் கூடாதுங்க. பாத்துட்டு எறங்கச் சொன்னா எறங்கியிருப்போம்."

கதவோரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் அம்புகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. ஒன்பதை வெட்டியதுகூட, நான் வைத்த பெட்டியின்படி சரிதான். அந்தப் பெட்டியே அக்காவுடையது இல்லை. குளவி இருந்தது என்று அவள் வாதாடவே இல்லை. குளவி இருந்ததா என்று எவருக்கும் தெரியாது என்பதுதான் அவள் வாதம். அதற்கு வாச்சர் வராதது ஒன்றே போதும். நடுத்தூணை நானாக நட்டுவிட்டு, அதற்குப் பொருந்தாத அவளுடைய சொல்லை அவள் கண் முன்னாலேயே வெட்டியிருக்கிறேன். அவமானமாக இருந்தது.

"இவங்க சும்மா ஒரு சாட்டு சொல்றாங்க சார்," என்றார் கண்டாக்கையா. "அங்க கூடும் இல்ல, ஒன்னும் இல்ல."

"அதுக்குப் பொறகு யாராவது அந்த மலைக்கு எறங்கினாங்களா?"

"இல்ல சார். மழைதானே, விட்டுட்டோம்."

"அப்ப இப்பவே ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்," என்றார் துரை. ஏழாம் நம்பர் மலை ஆபீசிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

கண்டாக்கையா எழுந்தார். தொப்பியை எடுத்தார். கதவு வரைக்கும் வந்து நின்றார். "வாச்சரைக் கூப்பிட்டு விடுறேன் சார். அவர் எறங்கிப் பாத்துட்டுச் சொல்லட்டும்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் சொன்னது என்ன என்று கண்டாக்கையாவுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியிருக்க வேண்டும், அவர் காது மடல் சிவந்தது. துரை பேனாவை மூடினார். "அன்னைக்கும் அதைச் செஞ்சிருக்கலாம்," என்றார்.

அரை மணி நேரத்தில் வாச்சர் நனைந்துகொண்டு திரும்பி வந்தார். காலில் ஏறியிருந்த அட்டையை வாசலில் நின்று தட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஒன்னும் இல்லைங்க தொர. நிரை நிரையாப் பாத்தேன். கூடு இல்ல."

கண்டாக்கையாவுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா சார்?"

துரை அக்காவைப் பார்த்தார். "கூடு இல்லையே. இப்ப என்ன சொல்றீங்க?"

"இல்லன்னு இப்பதானங்க தெரியுது," என்றாள் அக்கா. "நாளைக்கு எறங்குறோம்."

துரை சிரிக்கவில்லை. கிளாக்கரிடம் சிங்களத்தில் எழுதச் சொன்னார். நாளை முதல் அவள் வேலைக்கு வரலாம். வாச்சர் பார்க்காமல் ஏழாம் நம்பர் மலைக்கு யாரையும் அனுப்பக் கூடாது. ஆனால் மற்ற ஆட்களுக்கு முன்னால் உத்தியோகத்தரை எதிர்த்துப் பேசியதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கடிதம் அநியாயம் என்று இன்றைக்கும் நான் சொல்வேன். தலைவரும் வாயைத் திறந்தார், அக்கா அவர் கையைத் தொட்டு நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பெயர் தப்பியது, வீடு தப்பியது. அவளுக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது வகுப்பில் நான் பெட்டிகளை வேறு மாதிரி வரைகிறேன். முடிவையும் நடுப்பெட்டியையும் பிள்ளைகளைக் கடைசியாகத்தான் எழுத விடுகிறேன். எழுதிய பிறகு, யாருடைய வாதமோ அவரிடமே போய், நீங்கள் சொன்னது இதுதானா என்று கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். பரீட்சையில் அப்படி யாரிடமும் போய்க் கேட்க முடியாதே டீச்சர் என்கிறார்கள். பரீட்சைக்கு வேறு வழி, வீட்டுக்கு வேறு வழி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது நல்ல பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

அன்று விசாரணை முடிந்து நானும் அக்காவும் ஒரே குடையில் லயத்துக்கு நடந்தோம். தலைவர் முன்னாலேயே போய்விட்டார், ஆட்களிடம் சொல்ல அவருக்கு அவசரம். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகக் கோபப்பட்டேன், அது என் சுபாவம்.

"கூட்ட நீ பாக்கலன்னு சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல? நான் எழுதுறப்போ பக்கத்துலதானே இருந்த. பிழையா எழுதுறேன்னு தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?"

அக்கா ரோட்டில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுற்றி நடந்தாள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவள் மலைக்குப் போகத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் படிக்க வைக்க முடியும் என்ற நிலையில், தங்கச்சி படிக்கட்டும் என்று சொன்னவள் அவள்தான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

"பிழைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள். "ஒன்பதாவத நீ வெட்டுனப்போ மனசுக்கு என்னமோ மாதிரிதான் இருந்துச்சி. ஆனா நீ படிச்சவ. நான் நெனக்கிறதுதான் பிழையா இருக்கும்னு இருந்துட்டேன்."